401இல் 110 போகும்போது எப்படிக் கேட்கும்?

போன எபிசோட்டில் நொய்ஸ் கான்சலிங் ஹெட்போன் எப்படி வேலை செய்யுது என்று கதைத்தோம். அதுக்குப் பிறகு வந்த கேள்விகளில் கனக்க ஹெட்போனைப் பற்றியதே இல்லை. "அண்ணா, உங்கட டபிள்யூ.ஆர்.எக்ஸுக்கு எக்ஸோஸ்ட் மாத்தினது எண்டு ஒருக்காச் சொன்னீங்கள், எது போட்டனீங்கள்?" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மைக்கில் இதைச் சொல்ல வெளிக்கிட்டால் மற்ற இரண்டு பேரும் எழும்பிப் போய்விடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிராண்ட் பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் நேராகப் போய் அதையே வாங்குவீர்கள். உங்கட கார் வேற, நீங்கள் ஓடுற ரோடு வேற, உங்கட வீட்டில் நித்திரை கொள்ளுற ஆட்களும் வேற. ஆனால் எப்படித் தெரிவு செய்யவேணும் என்பதில் எனக்கு உறுதியான ஒரு அபிப்பிராயம் இருக்கு. டர்போ எஞ்சின் உள்ள ஸ்போர்ட்டி செடானுக்கு கேட்-பேக் வாங்கும்போது நீங்கள் வாங்குவது சத்தம் மட்டும்தான். (கேட்-பேக் என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வருகிற குழாய், ரெசனேட்டர், சைலன்சர், டிப் எல்லாம் சேர்ந்த செட்.) இதை முதலே ஒத்துக்கொண்டால் நீங்கள் பார்க்கிற இடமே மாறிவிடும். 401இல் ஒரு மணித்தியாலம் 110இல் போகும்போது உள்ளே எப்படிக் கேட்கும், விடிய 5:30க்கு ஸ்டார்ட் பண்ணும்போது வெளியே எப்படிக் கேட்கும், இந்த இரண்டும்தான் கேள்வி. யூடியூபில் இருக்கிற 12 செக்கன் ஃபுல் திராட்டில் கிளிப் இரண்டுக்கும் பதில் சொல்லாது.

பவர் கதையை முதலில் முடித்துவிடுவோம். டர்போ காரில் புகை டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வந்ததும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போகுது. நெருக்கடி அங்கேதான். அதுக்குப் பின்னால் கம்பனி போட்டிருக்கிற குழாய் ஏற்கெனவே போதுமான அகலம். 268 குதிரைவலு எஞ்சினின் கடைசிக் குழாயை மாற்றி நீங்கள் எடுப்பது இருக்கையில் உணரக்கூடிய அளவு இல்லை. போட்ட அண்டைக்கு "மச்சான், கார் இழுக்குதடா" என்று தோன்றும். சத்தம் கூடினால் வேகமும் கூடினமாதிரி மூளை கணக்குப் போடும், அவ்வளவுதான். உண்மையான பவர் வேணுமென்றால் கன்வெர்ட்டர் இருக்கிற முன்பக்கக் குழாயை மாற்றி ஈ.சி.யூ.வை ட்யூன் பண்ணவேணும். அந்தப் பக்கம் போகாதீங்கோ. ஒன்ராறியோவில் டிரைவ் கிளீன் பரிசோதனை 2019இல் சாதாரண கார்களுக்கு நிற்பாட்டப்பட்டது என்பதால் கன்வெர்ட்டரைக் கழட்டினால் ஒருத்தருக்கும் தெரியாது என்று சில பொடியள் நினைக்கினம். பரிசோதனைதான் போனது. கன்வெர்ட்டரைக் கழட்டுவது இப்பவும் சட்டவிரோதம். பின்னால் நிற்கிற காருக்கு அதன் மணமும் நல்லாத் தெரியும்.

இனி அந்த "சுபாரு சவுண்ட்". எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான். டப-டப-டப என்று இடறி இடறி வருகிற அந்தப் பழைய சத்தம் சைலன்சரில் இருந்து வருவதே இல்லை. பழைய ஈ.ஜே. வகை எஞ்சின்களில் இடது பக்கச் சிலிண்டர்களில் இருந்து டர்போவுக்குப் போகிற குழாயும் வலது பக்கத்தில் இருந்து போகிற குழாயும் ஒரே நீளம் இல்லை. அதனால் துடிப்புகள் சம இடைவெளியில் வந்து சேராது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நாங்கள் ரசிக்கிறோம். 2015இல் வந்த டபிள்யூ.ஆர்.எக்ஸில் இருப்பது எஃப்.ஏ.20, அதில் குழாய்கள் சம நீளம். ஆனால் அதே உடம்போட இங்கே விற்ற எஸ்.டி.ஐ.யில் 2021 வரைக்கும் பழைய ஈ.ஜே.தான் இருந்தது. நீங்கள் பார்த்த கிளிப் எஸ்.டி.ஐ., நீங்கள் ஓடுவது டபிள்யூ.ஆர்.எக்ஸ். வெளியில் பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி. சோர்ஸில் இல்லாத சிக்னலை ஸ்பீக்கரை மாற்றி எடுக்கேலாது. எந்தக் கார் வைத்திருந்தாலும் முதலில் உங்கட எஞ்சின் என்ன சத்தம் போடக்கூடியது என்று பாருங்கோ. எக்ஸோஸ்ட் அதைக் கூட்டும், குறைக்கும், வடிகட்டும், வேறொன்றாக மாற்றாது.

கிளிப்பில் இன்னொரு ஏமாற்று இருக்கு. போன் மைக் சத்தம் கூடும்போது தானே லெவலைக் குறைக்கும். அதனால் எல்லா எக்ஸோஸ்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு சத்தம்போலத் தெரியும். அதோட போனின் சின்ன ஸ்பீக்கரில் 90 ஹெர்ட்ஸ் வரவே வராது. உங்களைப் பிறகு விசராக்கப்போவது அந்த 90 ஹெர்ட்ஸ்தான்.

கணக்கைப் பாருங்கோ, சின்னக் கணக்கு. நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர் எரியும். என்ர காரில் ஆறாம் கியரில் 110 போகும்போது சுமார் 2,700 ஆர்.பி.எம். அதை 60ஆல் பிரித்து 2ஆல் பெருக்கினால் 90 ஹெர்ட்ஸ். இப்ப காரின் உள்பக்கத்தை எடுங்கோ. முன் கண்ணாடியில் இருந்து பின் கண்ணாடி வரைக்கும் சுமார் 2 மீட்டர் நீளத்தில் காற்று அடைபட்ட ஒரு பெட்டி. ஒலி செக்கனுக்கு 343 மீட்டர் போகும் என்றால் அந்தப் பெட்டியின் முதல் ரெசனன்ஸ் 86 ஹெர்ட்ஸ் அளவில் வந்து நிற்கும். நெடுஞ்சாலையில் எஞ்சின் போடுகிற சத்தமும் காருக்குள் பெருகுகிற சத்தமும் கிட்டத்தட்ட ஒரே இடம்! இதைத்தான் ட்ரோன் என்கிறார்கள். காதில் கேட்பதைவிட மண்டைக்குள் அமுக்குகிற மாதிரி இருக்கும். ஏஜாக்ஸில் இருந்து டவுன்டவுனுக்கு ஒரு தரம் போய் வந்தால் இறங்கும்போது ஆளோட கதைக்க மனம் வராது.

இதுக்கு இரண்டு மருந்து. ஒன்று, நடுவில் பெரிய ரெசனேட்டர். மற்றது எனக்கு மிகவும் பிடித்தது: பிரதான குழாயில் இருந்து பக்கத்துக்குப் பிரிந்து போய் முடிவில் அடைபட்டிருக்கிற ஒரு கிளைக் குழாய். ஒலி அலை அதுக்குள் போய், முட்டித் திரும்பி வரும்போது அரை அலை பிந்தி வரும். வந்து பிரதான அலையை அழித்துவிடும். அதுக்கு குழாயின் நீளம் அலைநீளத்தின் கால்வாசியாக இருக்கவேணும். சூடான புகையில் ஒலி வேகமாகப் போகும், 280 பாகை செல்சியஸில் செக்கனுக்கு சுமார் 470 மீட்டர். ஆகவே 90 ஹெர்ட்ஸுக்கு 1.3 மீட்டர் குழாய் வேணும். ஹெட்போனில் மைக்கும் சிப்பும் சேர்ந்து செய்கிற வேலையை இங்கே அடைத்த குழாய்த்துண்டு செய்யுது. பேட்டரி இல்லை, ஃபேர்ம்வெயார் அப்டேட் இல்லை. வாங்கும் செட்டில் இந்த இரண்டில் ஒன்றாவது இல்லையென்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் விடுங்கோ. 200 டொலருக்கு சைலன்சரை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் ஒட்டித் தருகிறோம் என்று சொல்கிற இடங்கள் ஸ்காபரோவில் இருக்கு. அது என்னைப் பொறுத்தவரை எக்ஸோஸ்டே இல்லை, ஓட்டை.

பெட்டியில் போட்டிருக்கிற டெசிபலைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. அனேகமாக அது ஏ-வெயிட்டட் அளவு. மனிதக் காதுக்கு ஏற்ற மாதிரித் தாழ்ந்த அதிர்வெண்களைக் கழித்துவிட்டுச் சொல்கிற எண் அது. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் கழியும். ட்ரோன் குடியிருக்கிற இடத்தைத்தான் அந்த எண் மறைக்குது. போனில் இருக்கிற மீட்டர் ஆப்களும் அனேகமாக அதே அளவுதான். சரியான சோதனை ஒன்றே ஒன்று: அதே காரில் அதே செட் போட்ட ஒரு ஆளைப் பிடித்து, கோப்பி வாங்கிக் குடுத்து, 401இல் பிக்கரிங் வரைக்கும் பின் சீட்டில் இருந்து போய் வாங்கோ. பின் சீட்டில், கவனம்.

சட்டம். அமெரிக்கக் கடைகள் "95 டெசிபல், லீகல்" என்று போடுவது கலிபோர்னியா விதி. ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் எண் ஒன்றும் இல்லை. அளவுக்கு மீறிய, வழமைக்கு மாறான சத்தம் வரக்கூடாது, சைலன்சர் வேலை செய்யவேணும், நேர்க்குழாயும் உள்ளே வெறுமையாக்கின சைலன்சரும் கூடாது என்றுதான் இருக்கு. அதாவது மீட்டர் பொலிஸ்காரரின் காது. அவருக்கு மூன்று தெருவுக்கு அப்பால் இருந்தே நிற்பாட்டக் காரணம் குடுக்கிறீர்கள். இரவு 11 மணிக்கு மார்க்கம் ரோட்டில் பின்னால் விங் வைத்த காரில் போகிற 22 வயது தமிழ்ப் பொடியனுக்கு அந்தக் காரணம் எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இன்னொன்று: வாரண்டி பற்றிக் கேட்டால் எல்லா வீடியோவிலும் மக்னுசன்-மோஸ் சட்டம் காப்பாற்றும் என்பார்கள். அது அமெரிக்கச் சட்டம், எல்லையைத் தாண்டாது. இங்கே வாங்குமுன் டீலரிடம் எழுத்தில் கேளுங்கோ, இன்சூரன்ஸுக்கும் மாற்றத்தைச் சொல்லுங்கோ.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய விசயம் விடியக்காலை. குளிரில் ஸ்டார்ட் பண்ணினதும் ஈ.சி.யூ. கன்வெர்ட்டரைச் சூடாக்கவென்றே ஐடிலைக் கூட்டி, பொறியைப் பிந்திக் குடுத்து, வெப்பத்தை எக்ஸோஸ்டுக்குத் தள்ளும். நீங்கள் பெடலில் கால் வைக்கவே இல்லை, ஆனால் அந்த நாளிலேயே அயலவர் கேட்கப்போகிற ஆகக் கூடிய சத்தம் அதுதான். எங்கட வீடுகளைப் பாருங்கோ. ஒட்டு வீடு, பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற குடும்பம், ஃபாக்டரியில் இரவு ஷிஃப்ட் முடித்து அப்பதான் படுக்கப் போகிற அம்மாவோ மாமியோ. என்ர அம்மா பதினைஞ்சு வருசம் இரவு வேலை செய்தவர். கார் சத்தம் எனக்குப் பெரிய சந்தோசம். அந்தச் சந்தோசத்துக்கு அவரின் நித்திரையில் இருந்து காசு எடுக்கேலாது. புது செட் போட்டு முதல் நாள் "தடிமன் பிடிச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். அவ்வளவு என்றால் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டேன்.

"அப்ப ஸ்டாக்காவே விடலாமே?" என்று கேட்பீர்கள். நான் அந்தக் கட்சியும் இல்லை. சத்தத்துக்குக் காசு செலவழிப்பது பிழை என்றால், 90களில் ஃபர்னேஸ் ரூம் அளவு ஸ்பீக்கர் வாங்கிப் பாட்டுக் கேட்ட எங்கட அப்பாமாரை என்ன சொல்லுறது? இப்ப பல கம்பனிகள் எஞ்சின் சத்தத்தைச் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுகின்றன, பீ.எம்.டபிள்யூ.வும் அதில் ஒன்று. அந்த எம்.பி.3யைவிட உண்மையான குழாயில் இருந்து வருகிற கொஞ்சச் சத்தம் எனக்கு மேல்.

போடுவது பெரிய வேலை இல்லை. கூட்டாளி ஒருத்தரின் கராஜில், இரண்டு பேர், ஒரு சனிக்கிழமை அரை நாள். கார் முழுக்க ஆறியிருக்கவேணும், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது, ஜாக் ஸ்டாண்ட் நாலு வேணும். உப்பு ரோட்டில் ஐந்து விண்டர் ஓடின போல்ட் சும்மா கழராது. முதல் நாள் இரவே துரு இளக்குற எண்ணெயை அடித்து விடுங்கோ, அண்டைக்குக் காலமை திரும்ப அடியுங்கோ. ரப்பர் ஹேங்கரைப் பலத்தால் இழுக்காமல் சவர்க்காரத் தண்ணி பூசினால் வழுக்கி வரும். புது காஸ்கெட் போடுங்கோ, பழசைத் திரும்பப் பாவிக்காதீங்கோ. முழுச் செட்டையும் முதலில் தளர்வாகத் தொங்கவிட்டு, டிப் நேராக நிற்குதா, பம்பரிலும் டிஃபரென்ஷியலிலும் முட்டாமல் இருக்கா என்று பார்த்து, அதுக்குப் பிறகுதான் முன்னால் இருந்து பின்னால் இறுக்கிக்கொண்டு வரவேணும். ஒவ்வொன்றாக முழுக்க இறுக்கிக்கொண்டு போனால் கடைசியில் டிப் வானத்தைப் பார்க்கும். ஸ்டார்ட் பண்ணுமுன் அல்கஹோல் போட்டுத் துடையுங்கோ, இல்லையென்றால் உங்கட கைரேகை சூட்டில் சுட்டு அப்படியே நிற்கும். முதல் பத்து நிமிசம் புகை வரும், அது செய்யும்போது பூசின எண்ணெய், பயப்படாதீங்கோ. ஒரு கிழமை ஓடிவிட்டு எல்லாப் போல்ட்டையும் திரும்ப இறுக்குங்கோ.

உலோகத்துக்குச் செலவழியுங்கோ. 304 ஸ்டெயின்லெஸில் குரோமியம் 18 வீதம், நிக்கல் 8 வீதம் அளவில் இருக்கு, எங்கட உப்பைத் தாங்கும். 409இல் குரோமியம் 11 வீதம் அளவுதான், இரண்டாம் விண்டரிலேயே மண்ணிறமாகும். பாவிச்ச செட் வாங்கப் போனால் ஒரு காந்தம் கொண்டுபோங்கோ: 409இல் இறுகப் பிடிக்கும், 304இல் பிடிக்காது, இல்லையென்றால் மிகவும் மெல்லிசாக. எனக்கு 13 வீத வரி, எல்லையில் கூரியர்காரர் எடுத்த கட்டணம் எல்லாம் சேர்த்து 1,700 டொலர் முடிந்தது. பகுதிநேர வேலை செய்து படிக்கிற ஆளுக்கு அது நல்ல விண்டர் டயர் செட் ஒன்றைவிடக் கூட. விண்டர் டயர் இல்லாமல் எக்ஸோஸ்ட் கேட்டு எழுதின இரண்டு பேருக்கும் இதுதான் என்ர பதில்.

கழட்டின ஸ்டாக் செட்டை விற்காதீங்கோ. காரைக் குடுக்கும் நாளில் அதைத் திரும்பப் போட்டுவிட்டுப் புதுசைத் தனியாக விற்கலாம். டிக்கட் கிடைத்தாலும் அதுதான் கைகொடுக்கும். ஆனால் நீளமான சாமான். கராஜில் அரிசி மூட்டைக்கும் உரலுக்கும் பின்னால் எங்கேயாவது இடம் பாருங்கோ, எவ்வளவு காலம் அதிலே கிடக்கும் என்று வீட்டில் கேட்பார்கள்.