முசலி மகனுக்கு முகவரி எது?

அகத்திமுறிப்புக் குளத்தின் நீரை நம்பி வேளாண்மை செய்யும் முஸ்லிம் விவசாயி ஒருவரின் மகன், மேற்படிப்புக்காக ஜேர்மனி சென்றிருக்கின்றான். அவனது பயணத்துக்கு வேண்டிய சத்தியக்கடதாசிகளை எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில், அங்கு போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில் எனக்கு நீண்டதொரு கடிதம் வரைந்திருந்தான். அதைப் படித்த நாள் தொட்டு ஒரு கேள்வி என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதனை வாசகர் முன் வைப்பது என் கடமையெனக் கருதுகின்றேன்.

தமிழ் பேசும் இளைஞன் ஒருவன் ஜேர்மானியரிடையே சென்று தங்குவது புதிய செய்தியன்று. 1714ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்குவுடன் கப்பலேறிய மலையப்பன், ஹாலே நகரம் வரை சென்று, அவருடைய தமிழ் இலக்கண நூலுக்குத் துணை நின்றான். அந்நூல் 1716இல் அங்கு அச்சேறியது. மலையப்பனிடம் எவரும் வங்கிக் கணக்கைக் கேட்டிருக்கமாட்டார்கள். இன்று செல்லும் மாணவனோ, ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவைத் தடைக்கணக்கொன்றில் முன்கூட்டியே வைத்துக் காட்டவேண்டும். நம் நாணயத்தில் அது நாற்பது இலட்சம் ரூபா அளவில் வரும். இந்தப் பிள்ளையின் தந்தை உழவு இயந்திரத்தை விற்றார். அதுவும் போதாமல் உறவினர் கைகொடுத்தனர். வெளிநாடு என்றதும் விமானத்தை மட்டும் காண்போர் இதனையும் காணவேண்டும்.

மொழி கற்கும் சில மாதங்களுக்கு அவன் ஒரு குடும்பத்துடன் தங்கியிருக்கின்றான். முதல் வாரத்தின் விந்தைகளை எல்லாம் எழுதியிருந்தான். உறைகுளிரிலும் காலையில் சாளரங்களை அகலத் திறந்துவிடுகிறார்கள். இரவுணவு என்பது ரொட்டியும் பாற்கட்டியும், அடுப்பு எரிவதில்லை. குப்பையைப் பல தொட்டிகளாகப் பிரித்துப் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடித்தாற்கூட அயல்வீட்டார் முகம் சுளிப்பர். பன்றி இறைச்சி உண்ணாதவன் என்று அறிந்து, அவன் கேளாமலே அவனுக்கெனத் தனிச் சட்டியொன்றை வீட்டுக்காரி ஒதுக்கி வைத்திருந்தாளாம். சோற்றுக்கு ஏங்கியதையும் மறைக்கவில்லை. இவையெல்லாம் முதன்முறை ஊர் கடந்த எவரும் எழுதக்கூடியவையே. என்னை நிறுத்தியது மூன்றாம் நாளின் நிகழ்ச்சி.

அன்று அவ்வீட்டுக்காரி அவனை நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறாள். ஜேர்மன் சட்டப்படி ஒரு வீட்டில் குடிபுகுந்தவர் எவராயினும் இரண்டு வாரத்துள் தம் வதிவிடத்தைப் பதியவேண்டும். வீடு கொடுத்தவர், இவர் என் வீட்டில் வசிக்கின்றார் என்று எழுத்தில் உறுதி வழங்கவேண்டும். அவள் கையொப்பமிட்ட தாளை நீட்டினாள். அலுவலர் சில கேள்விகள் கேட்டார். சற்று நேரத்தில், முத்திரை பதித்த பத்திரம் ஒன்று இவன் கைக்கு வந்தது. தெருவின் பெயர், வீட்டு இலக்கம், இவன் பெயர். "ஐயா, இந்த நாட்டுக்கு வந்து மூன்று நாளில் எனக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. எங்கள் வாப்பாவுக்கு முப்பத்தைந்து வருடமாகியும் கிடைக்கவில்லையே" என்று எழுதியிருந்தான்.

அப்பதிவில் பிறந்த இடம் என்ற பத்தியில் புத்தளம் என்று இருந்தது. அன்றிரவு அவ்வீட்டின் பாட்டி, "அப்படியானால் நீ புத்தளத்துக்காரனா?" என்று கேட்டாளாம். இல்லை, என் ஊர் முசலி, நான் பிறந்தது அகதி முகாமில் என்று தொடங்கி, தெரிந்த கொஞ்ச மொழியில் 1990 ஒக்டோபரின் கதையை அவன் சொல்லியிருக்கிறான். அந்த மூதாட்டி எழுந்து போய்த் தன் அடையாள அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். பிறந்த இடம் பிரெஸ்லாவ். அந்த நகரம் இன்று போலந்தில் இருக்கின்றது, பெயரும் மாறிவிட்டது. 1946இல் ஐந்து வயதுச் சிறுமியாக, சரக்கு வண்டியில் தாயுடன் மேற்கே வந்தவள் அவள். ஒரு விவசாயியின் வீட்டில் அரசாங்கம் அவர்களை ஓர் அறையில் இருத்தியது. அவ்வீட்டார் வரவேற்கவில்லை, உக்கிராண அறையைப் பூட்டியே வைத்திருந்தனராம்.

வாசகர் இங்கு சற்று நின்று சிந்திக்கவேண்டும்.

ஹிட்லர் மூட்டிய போரின் முடிவில் கிழக்கு நிலங்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் ஜேர்மானியர் தப்பியோடினர் அல்லது துரத்தப்பட்டனர். 1950 அளவில் அவர்களுள் எண்பது இலட்சம் பேர் வரையில் மேற்கு ஜேர்மனியில் இருந்தனர். ஜேர்மானியப் படை பிறர்க்கு இழைத்த கொடுமையின் எதிர்வினை அது என்பதை நாம் மறந்துவிடலாகாது. எனினும், ஐந்து வயதுக் குழந்தை எந்தக் கொடுமையைச் செய்தது? அம்மக்களுக்கென 1952ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாராளுமன்றம் சுமைச் சமப்படுத்தற் சட்டம் என ஒன்றை இயற்றியது. போரில் சொத்தை இழவாது தப்பியவர்கள், 1948ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி தம் சொத்தில் பாதிப் பெறுமதியை, முப்பது ஆண்டுத் தவணையில், இழந்தவர்க்காகச் செலுத்தவேண்டும் என்றது அச்சட்டம். பணக்கார நாடாகையால் செய்தது என்று சொல்வார் உளர். 1952இல் அந்நாட்டு நகரங்கள் இன்னும் இடிபாட்டிலிருந்து முற்றாக எழவில்லை.

சட்டத்தரணி என்ற முறையில் என் கருத்தைக் கவர்ந்தது பணமன்று. இழப்பை நிறுவிய முறை. உறுதியும் வரிச்சீட்டும் விட்டுவந்த ஊரில் கிடந்தன. ஊரோ வேறொரு நாட்டின் கையில். பின் எதைக் கொண்டு நிறுவுவது? பழைய ஊர்களை நன்கறிந்தவர்களைக் கொண்டு, பிரதேசம் பிரதேசமாகத் தகவல் நிலையங்களை அமைத்தார்கள். இன்ன ஊரில், இன்ன தெருவில், இன்னாருக்கு இவ்வளவு நிலம் இருந்தது என்று பழைய ஊரவரே சாட்சி சொல்ல, அரசாங்கம் அதனைப் பதிந்தது. பாட்டியின் தாய்க்கு முதலிற் கிடைத்தது வீட்டுத் தளபாடங்களுக்கான சிறு தொகைதானாம். அதில் ஒரு தையல் இயந்திரம் வாங்கினாள். அது இன்னும் அந்த வீட்டில் இருக்கின்றது என்று பிள்ளை எழுதுகின்றான்.

இனி முசலிக்கு வருவோம்.

முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையினராக வாழ்ந்த பிரதேசம் அது. அரிப்பு முத்துச் சிலாபத்தின் பெயர் உலகமெல்லாம் கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னாரில் சில நாட்கள், யாழ்ப்பாணத்தில் சில மணிகள், அவ்வளவே அவகாசம். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. வெளியேறியவர் எழுபத்தையாயிரம் பேர் வரை என்பர். 2002 ஏப்பிரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், அது ஓர் அரசியல் தவறு என்று புலிகள் தரப்பிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது, இழப்பு எங்கே பதியப்பட்டது?

தமிழ் பேசும் மக்கள் என்ற சொற்றொடரை மேடைதோறும் முழங்கியது 1949இல் தோன்றிய தமிழரசுக் கட்சி. முஸ்லிம் மக்களையும் உள்ளடக்கவே அச்சொல் ஆளப்பட்டது. அந்தச் சொல்லை நம்பி நம்முடன் நின்றவர்கள், நம் கண்முன்னே மூட்டையுடன் போனார்கள். அன்று நான் பள்ளிச் சிறுவன். எங்கள் வகுப்பில் வெறுமையாகிய வாங்குகளைப் பற்றி ஆசிரியர் ஒரு வார்த்தை கூறவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவர்களுக்கு முதலில் இடந்தந்தவர்கள் புத்தளம், கற்பிட்டிப் பகுதி மக்கள். அந்த விருந்தோம்பலும் நாளடைவில் நெருக்கடியாயிற்று. கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இரு சாராரும் போட்டியிடும் நிலை வந்தது. பூட்டிய உக்கிராண அறை ஜேர்மனிக்கு மட்டும் உரியதன்று. 2009க்குப் பின் திரும்பியவர்களை எதிர்கொண்டது காடு. வயலிலும் வளவிலும் இருபது வருடத்து மரங்கள். 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2017 மார்ச்சில் மாவில்லு வனம் பேணற்காடு என்று பிரகடனமாயிற்று. கல்லாறு வனத்தில் சட்டத்துக்கு மாறாகக் காடழிக்கப்பட்டது என 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நான் மறைக்கப்போவதில்லை. சட்டத்துக்கு மாறான காடழிப்பை எவர் செய்தாலும் குற்றமே. ஆயின், எந்தக் காணி பழைய ஊர், எந்தக் காணி என்றும் காடாகவே இருந்தது என்று காட்டும் ஏடொன்று முன்பே எழுதப்பட்டிருந்தால், அரைநூற்றாண்டு உழுதவனும் நேற்று வேலியடைத்தவனும் ஒரே பழியைச் சுமக்கும் நிலை வந்திருக்குமா?

முஸ்லிம்களின் வழக்கு மட்டுமென்று எண்ணவேண்டா. அதே முசலியில் முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கத் தமிழர் 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படைத் தளமாயிற்று. அவர்கள் தெருவில் இருந்து போராடிய பிறகே, 2017 ஏப்பிரலில் நூறு ஏக்கரை விடுவிக்க இணக்கம் தெரிவிக்கப்பட்டது. கட்டளையிட்ட கை வேறு. மூட்டை கட்டியவன் துயரம் ஒன்றே.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று கூறமாட்டேன். 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், இடம்பெயர்ந்தோர் பழைய ஊரில் வாக்காளராகப் பதிவுபெற வழிசெய்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போர்க்காலத்தில் வழக்காட முடியாதிருந்தவர்களுக்கு 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் காலாவதிக் கணக்கிலிருந்து நீக்கியது. 2018இல் இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டம் வந்தது. ஆயினும் இவை யாவும், முறையிடுபவன் கையில் ஆவணம் இருக்கும் என்ற எண்ணத்திலேயே நிற்கின்றன. வழக்காடும் உரிமையை மீட்டுத் தந்த சட்டம், வழக்கை நிறுவ வேண்டிய உறுதியை மீட்டுத் தரவில்லை. மன்னாருக்குப் போனால் புத்தளத்தான். புத்தளத்துக்குப் போனால் மன்னாரான். வாக்காளர் இடாப்பில் இரு பக்கமும் அவன் பெயருக்கு ஆட்சேபம் எழுந்ததை யான் அறிவேன்.

பதிவேடு எல்லாம் நன்மையே என்ற மயக்கமும் எனக்கில்லை. ஜேர்மனி முழுவதற்கும் வதிவிடப் பதிவை ஒரே முறையாக்கிய சட்டத்தை 1938இல் கொண்டுவந்தவர்கள் நாஜிகளே. யூதர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று தேடிச் செல்ல அவ்வேடுகள் பயன்பட்டன. ஆகவேதான், இழப்பு ஏட்டை எழுதும் பேனா அதிகாரியின் கையில் மட்டும் இருக்கலாகாது என்கிறேன். ஊரவரின் சாட்சியம் அதன் அடிப்படையாகவேண்டும். கிராமந்தோறும், இனம் மதம் பாராது, 1990க்கு முன் யார் எங்கே வாழ்ந்தனர், எதை உழுதனர் என்று அயலவர் வாய்மொழியை ஆதாரமாகக் கொண்டு பதியும் சட்டத்தை நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கோரவேண்டும். முஸ்லிம் மக்களுக்காக அதைத் தமிழ் உறுப்பினரே முதலிற் கோரவேண்டும். ஏன் என்று வினவுவோர்க்கு ஒன்று கூறுவேன். வெளியேறியவர் ஊரில் இல்லை. எல்லை அறிந்து ஊரில் எஞ்சியிருந்தவர்கள் நாமே. அந்தச் சாட்சியம் நம்மிடம் இருக்கின்றது. வைத்திருப்பவர்களுக்கோ வயது எழுபதைக் கடந்துவிட்டது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சத்தியக்கடதாசி எழுதச் சட்டத்தரணி போதும். வட பகுதியில் உள்ள என் தொழிற்சகோதரர்கள் இதற்கெனக் கட்டணம் வாங்காமல் மாதத்தில் ஒரு நாளை ஒதுக்க முடியாதா?

கடிதத்தின் முடிவில் அப்பிள்ளை என்னிடம் ஓர் உதவி கேட்டிருந்தான். அவனுடைய பாட்டனாரின் காணி உறுதியின் மங்கிய படியொன்று வீட்டில் இருக்கின்றது. அதைக்கொண்டு ஏதும் செய்யலாமா என்று. வாங்கிப் பார்த்தேன். கிழக்கு எல்லையில் ஒரு தமிழ் விவசாயியின் பெயர் குறிக்கப்பட்டிருந்தது. விசாரித்ததில், அவர் மகன் அதே ஊரில் முதியவராக இருக்கின்றார் என்று தெரிந்தது. சென்ற ஞாயிறு அவரிடம் போனேன். கோலை ஊன்றிக்கொண்டு காட்டுக்குள் நடந்து, மூன்று பனைகளையும் தூர்ந்த கிணற்றையும் காட்டி, "இதுக்கு அங்கால அவையின்ர காணி" என்றார். அவர் சொன்னபடி சத்தியக்கடதாசியை வரைந்து வாசித்துக் காட்டினேன். கையொப்பமிடுமுன், "அண்டைக்கு அவை போகேக்க நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை எண்டதையும் இதில எழுதுவியளோ, தம்பி?" என்று கேட்டார்.

காணி வழக்குக்கு அது தேவையில்லை. ஆயினும் ஐந்தாம் பந்தியாகச் சேர்த்து எழுதினேன். அதன் கீழ் அவர் ஒப்பமிட்டார்.