வழித்துணையைக் குற்றமாக்கும் நகரம்

சென்னையின் நெரிசலைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் கூண்டில் ஏற்றப்படுவது ஷேர் ஆட்டோதான். நடுச்சாலையில் நிற்கிறது, ஆளைத் திணிக்கிறது, கண்ட இடத்தில் திரும்புகிறது என்பன குற்றச்சாட்டுகள். அவை பொய்யல்ல. ஆனால் அங்கிருந்து 'ஆகவே ஒழித்துவிட வேண்டும்' என்ற முடிவுக்குத் தாவுகிறவர்களில் பெரும்பாலோர் அதில் ஏறவேண்டிய தேவை இல்லாதவர்கள். ஒற்றை ஆளைச் சுமந்து ஊரும் காருக்குள் அமர்ந்துகொண்டு, ஏழெட்டுப் பேரை ஏற்றிச்செல்லும் வண்டியை நெரிசலுக்குக் காரணமாகச் சுட்டுவது எந்த ஊர்க் கணக்கு என்பதே நம் முதல் கேள்வி.

2015-இல் ஓலாவும் ஊபரும் இந்திய நகரங்களில் பகிர்வுப் பயணத்தைத் தொடங்கின. ஒரே திசையில் செல்லும் அந்நியர்களை ஒரே காரில் ஏற்றிக் கட்டணத்தைப் பிரித்து வாங்குவதுதான் அத்திட்டம். அப்போது நம் நாளேடுகள் அதைப் புதுமை என்றன; சுற்றுச்சூழலுக்கு நன்மை என்றன. வடபழனியிலும் போரூரிலும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நடந்துவந்த அதே காரியத்துக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை. கைப்பேசித் திரையைத் தட்டி ஏறினால் பகிர்வு. கையை நீட்டி ஏறினால் ஒழுங்கீனம். வேறுபாடு பயணத்தில் இல்லை, பயணியின் வர்க்கத்தில் இருக்கிறது. பெருந்தொற்று வந்த 2020 மார்ச்சில் அந்தச் செயலிப் பகிர்வுகள் நிறுத்தப்பட்டன. ஊரடங்கு தளர்ந்ததும் ஷேர் ஆட்டோக்கள் மறுபடி ஓடத் தொடங்கின, ஏனெனில் அவற்றை நம்பியிருந்தவர்களுக்கு மாற்று இல்லை.

'சட்டம் இடந்தரவில்லையே' என்பார்கள். சட்டத்தைத்தான் கொஞ்சம் படித்துப் பார்ப்போமே. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பயணி ஊர்திகளை இரண்டாகப் பிரிக்கிறது. முழு வண்டியையும் ஒரு தரப்பு பேசி அமர்த்துவது ஒப்பந்த ஊர்தி. ஆறு பேருக்கு மேல் ஏற்றி, ஆளுக்குத் தனித்தனியே கட்டணம் வாங்குவது நிலை ஊர்தி, அதாவது பேருந்து. ஆயின் ஆறு பேர்வரை ஏற்றும் வாடகைக் காரில் தனித்தனியே கட்டணம் வாங்கினாலும் அது ஒப்பந்த ஊர்தியாகவே கருதப்படும் என்று அதே வரையறை சொல்கிறது. ஆகவே கட்டணத்தைப் பிரிப்பது சட்டத்துக்கே அந்நியமான செயல் அன்று. வழியில் நிறுத்திப் புதிதாக ஆளேற்றுவதும் இறக்குவதும்தான் சிக்கல். இந்த நுணுக்கத்தை முன்வைத்தே 2017-இல் கர்நாடகப் போக்குவரத்துத் துறை செயலிப் பகிர்வுகளையும் எதிர்த்தது. பின்னர் 2020-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பெண்கள் பெண்களோடு மட்டும் பயணிக்கும் வாய்ப்பு உள்ளிட்ட நிபந்தனைகளோடு செயலிப் பகிர்வுக்கு வழி திறந்தன. செயலிக்குத் திறந்த கதவு சாலையோரத்தில் நிற்பவர்க்கு ஏன் திறக்கவில்லை?

அதிகாரம் இல்லை என்று மாநில அரசு கைவிரிக்கவும் முடியாது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம், கடைசித்தொலைவு இணைப்புக்காகவும் நகரப் போக்குவரத்தின் மேம்பாட்டுக்காகவும் உரிமங்களை மாற்றியமைக்கவும் தனித் திட்டங்கள் வகுக்கவும் மாநிலங்களுக்கு வெளிப்படையாகவே அதிகாரம் தருகிறது. மும்பையில் பகிர்வு டாக்சிகளுக்கு நிறுத்தமும் கட்டணமும் அரசு அமைப்பே வரையறுக்கிறது. கொல்கத்தாவில் ஆட்டோக்கள் வழித்தடம் வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்றே ஓடுகின்றன. ஏன், 2018-இல் நம் சென்னை மெட்ரோ நிலையங்களிலிருந்தே பகிர்வு ஆட்டோ, பகிர்வு கார் சேவைகள் தொடங்கப்பட்டனவே! நிலைய வாசலில் 'இணைப்புச் சேவை' ஆவது, இரண்டு தெரு தள்ளி எப்படிக் குற்றமாகிறது?

இந்தக் குழப்பத்தின் விலையை யார் தருகிறார்கள் என்பதுதான் நம்மை உறுத்த வேண்டியது. உரிம நிபந்தனை மீறப்பட்டது என்பது காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டம் தரும் எதிர்வாதங்களுள் ஒன்று. காப்பீட்டில் கணக்கிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆளேற்றிய ஊர்தி விபத்துக்குள்ளானால், அந்த எண்ணிக்கை அளவுக்கே நிறுவனத்தின் பொறுப்பு என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து வரும் கட்டடத் தொழிலாளியும், விடியுமுன் வீட்டுவேலைக்குக் கிளம்பும் பெண்ணும், முதல் மணிக்குள் நம் வகுப்புக்கு வந்து சேர ஓடிவரும் மாணவியும், விபத்து நேர்ந்தால் நட்டஈட்டுக்கு நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். வண்டி ஓட அனுமதிக்கிறோம். உரிமையை மட்டும் மறுக்கிறோம். கண்டும் காணாமலும் விடுவதைக் கருணை என்று எண்ணுகிறவர்கள், அந்த இடைவெளியில்தான் மாமூல் முளைக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

தமிழ் படித்தவர்கள் இதில் வாய்மூடி இருப்பதுதான் பெரிய விந்தை. வழிப்போக்கரை வழிப்படுத்துவதற்கென்றே ஆற்றுப்படை என்றொரு இலக்கிய வகையைக் கண்ட மொழி நம்முடையது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். உமணர் உப்பு வண்டிகளோடு கூட்டமாகச் சென்ற பெருவழிகளைப் பாடமாக நடத்துகிறோம். சாத்து என்ற சொல்லுக்கு வகுப்பில் விளக்கம் தருகிறோம். ஒரே திசையில் போகிறவர்கள் சேர்ந்து போவது அறிவுடைமை என்பது அன்றே தெரிந்த செய்தி. அதைச் சங்கப் பாட்டில் வியந்துவிட்டுச் சாலையில் முகஞ்சுளிப்பது என்ன இலக்கிய ரசனை?

கட்டற்று ஓடட்டும் என்று நாம் சொல்லவில்லை. வழித்தட உரிமம், எழுதி மாட்டிய கட்டணம், இருக்கைக்கு ஓர் ஆள், பேருந்து நிறுத்தத்தை மறைக்காத தனி நிறுத்தம், ஏறும் அனைவருக்கும் செல்லுபடியாகும் காப்பீடு ஆகிய இவ்வைந்தையும் கேட்கிறோம். இவற்றைக் கொடுத்த பிறகும் விதியை மீறுகிற ஓட்டுநரைத் தண்டியுங்கள். நாமும் உடன் நிற்போம். விதியே வகுக்காமல் அவரை விதிமீறி என்று அழைப்பதை மட்டும் ஒப்ப முடியாது.