சாலையோரக் கிரில் கடைக்குப் போகலாமா?

புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், கிரில் சிக்கன் சாப்பிடலாமா?" கேட்பவர் பெரும்பாலும் உடன் வந்த மகனாகவோ பேத்தியாகவோ இருப்பார். "கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எங்களுக்கு எளிது. அச்சொல் பல வீடுகளில் என்னவாகிறது என்பதையும் நாங்கள் அறிவோம். ஞாயிறு மாலை குடும்பம் கடைக்குப் போகிறது. நோயாளி ரசஞ்சோற்றோடு வீட்டில் இருக்கிறார். அல்லது, அவரும் இரண்டு துண்டு உண்டுவிட்டு அதை எங்களிடம் மறைக்கிறார். இந்த மறைப்பே எங்களுக்குக் கவலை தருகிறது.

பெரும்பாலான நோயாளிகள் எப்போதாவது ஒருமுறை குடும்பத்தோடு போய் உண்ணலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் எதில் ஆபத்து இருக்கிறது என்பதை அறிந்து போக வேண்டும்.

இறைச்சியின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேல்தோல் கருகியிருப்பது உள்ளே வெந்ததற்குச் சான்றாகாது. கூட்டம் மிகுந்த நேரத்தில் கோழி முன்கூட்டியே அடுப்பிலிருந்து இறங்கிவிடக்கூடும். தொடை எலும்பை ஒட்டிய சதையைப் பிரித்துப் பாருங்கள். சிவந்திருந்தால் மீண்டும் சுட்டுத் தரச் சொல்லுங்கள். இதில் கூச்சம் வேண்டா. கருகிய பகுதியை நீக்கிவிடுங்கள். அதில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய வேதிப்பொருள்கள் உருவாகின்றன.

கோழியைவிட அதனோடு வரும் வெள்ளைக் குழம்பு ஐயத்துக்குரியது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடைசெய்தது இக்காரணத்தால்தான்.

அடுத்தது பார்சல். 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கலாகாது. இரவு வாங்கியதை மேசையில் விட்டுவிட்டுக் காலையில் சூடாக்கி உண்பது தீர்வாகாது. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழிவதில்லை.

சிலருக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவை. கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் மயோனைஸையும் பச்சை வெங்காயம், முட்டைக்கோசு போன்றவற்றையும் தவிர்க்க வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் வெளியுணவே வேண்டா. சிறுநீரக நோயாளிகளும் இதய நோயாளிகளும் மசாலாவில் உள்ள உப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். இன்சுலின் போடுவோர், உணவு மேசைக்கு வந்த பின்னரே போட்டுக்கொள்வது நன்று. கடையில் காத்திருக்கும் நேரத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும்.

மறைத்தல் ஏன் ஆபத்து என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவருக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு இரத்தத்தில் உயர்ந்து, பொருத்திய சிறுநீரகத்தையே பாதிக்கலாம். அன்றே தெரிந்தால் ஓர் இரத்தப் பரிசோதனையில் அறிந்து அளவைச் சரிசெய்துவிடலாம். "வீட்டுச் சோறுதான் உண்டேன்" என்று சொல்லிக் கடத்தும் நாள்கள் திரும்பி வாரா. ஆகவே காய்ச்சல், இரத்தம் கலந்த பேதி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே வாருங்கள். மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டா.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். அவருக்கு எது பொருந்தும் என்று புறப்படுமுன் எங்களைக் கேளுங்கள். நோயாளிக்கும் ஒன்று சொல்கிறோம்: உண்டதைச் சொல்லுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.