புளி ஒட்டிய தராசு

போன வாரம் பேரன் கைபேசியை நீட்டினான். "தாத்தா, ஜப்பான் கால்பந்து வீரர்களில் இணையத்தில் யாருக்குச் செல்வாக்கு அதிகம்னு போட்டிருக்காங்க பாருங்க." வரிசையாகப் பெயர்கள், எதிரே மதிப்பெண்கள். எப்படி அளந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. முத்திரை ஆய்வாளராக முப்பது வருஷம் கடை கடையாய்த் தராசு பார்த்தவன் நான். யாராவது அளவு என்று சொன்னால், தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கத்தான் கை போகும்.

இந்தத் தராசையும் தடவிப் பார்ப்போம். கூகுள் ட்ரெண்ட்ஸ் காட்டுவது, இத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கை அல்ல. நாம் கேட்ட காலத்தில் தேடல் உச்சத்தில் இருந்த கட்டத்தை 100 என்று வைத்து, மற்றதை அதற்கு விகிதமாகச் சொல்கிறது. காலத்தை மாற்றினால் 100 வேறு இடத்துக்குப் போய்விடலாம். கடைக்காரர் ஆளுக்கு ஆள் எடைக்கல்லை மாற்றினால் சும்மா இருப்போமா?

அடுத்தது பெயர். கெய்சுகே ஹோண்டா 2010, 2014, 2018 என மூன்று உலகக் கோப்பைகளில் கோல் அடித்தவர். வெறுமனே 'ஹோண்டா' என்று எண்ணினால், மோட்டார் சைக்கிள் வாங்க விசாரித்தவர்களும் அவர் கணக்கில் ஏறுவார்கள். ஷின்ஜி ககாவாவின் குடும்பப் பெயரில் ஜப்பானில் ஒரு மாகாணமே இருக்கிறது. உதோன் நூடுல்ஸுக்குப் பேர்போன ஊர்ப்பக்கம். அங்கே சாப்பிடப் போகிறவரும் ரசிகரா?

சரி, பின்தொடர்வோர் எண்ணிக்கை? 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளைக் களைந்தபோது, உலகப் பிரபலங்கள் சிலருக்கு லட்சக்கணக்கில் ஆள் குறைந்தது.

"விளம்பரக் கம்பெனிகளுக்கு இது வேணுமே தாத்தா" என்றான் பேரன். வேண்டும்தான். எத்தனை சட்டை விற்கும் என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அதையே வீரனின் தரமாக்கினால் நஷ்டம் வீரனுக்கு. 1998இல் ஹிதெதோஷி நகாதா இத்தாலியின் பெருஜியா அணிக்குப் போனபோது, ஜப்பானில் சட்டை விற்கத்தான் இவரை வாங்கினார்கள் என்று ஏளனம் செய்தார்கள். முதல் லீக் ஆட்டத்திலேயே யுவென்டஸுக்கு எதிராக 2 கோல் போட்டார். பதில் வாயால் வரவில்லை, காலால் வந்தது. செல்வாக்குப் பட்டியல் போடுகிறவர்கள் அந்தப் பழைய ஏளனத்தைத்தான் பாராட்டு என்ற பெயரில் திருப்பித் தருகிறார்கள்.

அளவு என்றால் எப்படி இருக்க வேண்டும்? 2022 டிசம்பர் 1, கத்தார் உலகக் கோப்பை, எதிரே ஸ்பெயின். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது என்றே பலர் கண்ணுக்கும் பட்டது. கவுரு மிதோமா அதை உள்ளே திருப்ப, ஆவோ தனாகா கோலாக்கினார். வீடியோ நடுவர்கள் பார்த்தார்கள். பந்தின் விளிம்பு, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான், இன்னும் கோட்டின் மேல் இருந்தது. கோல் நின்றது, ஜப்பான் 2-1 என்று வென்றது. அது அளவு. கோடு எது என்பது ஆட்டத்துக்கு முன்பே தெரியும், இரு தரப்புக்கும் ஒரே கோடு. செல்வாக்குக்குக் கோடு எங்கே இருக்கிறது?

பேரனிடம் சொன்னேன்: எந்தப் பெயரை, எந்த எழுத்தில், எந்த நாட்டில், எந்தத் தேதியிலிருந்து எண்ணினார்கள் என்று பட்டியலின் அடியில் எழுதச் சொல். முத்திரை போட்டுத் தருகிறேன். அதுவரை இந்தத் தராசு பறிமுதல்!