மிதியில் ஆட்டம் வேண்டாம்

அதிகாலை 4 மணிக்கு மாசாயிலும் ஸ்கூடாயிலும் கூலாயிலும் வீட்டு வாசலில் மோட்டார்கள் உயிர்பெறும் சத்தத்தை ஜோகூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சிங்கைக்கு வேலைக்குப் போகும் நம் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் பாதித் தூக்கத்தோடு கிளம்பும் நேரம் அது. 1924 ஜூன் 28-ஆம் தேதி அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலம், நீளத்தில் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டர்தான் ஒருவரின் அன்றைய சம்பளத்தை முடிவு செய்கிறது.

காலை நிகழ்ச்சியில் சாலை நிலவரம் சொல்லும்போது, 'மோட்டார் பாதையில் ஒரு மோட்டார் பழுது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த பாட்டைப் போடுகிறோம். அந்த வரிக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் ஹார்ன் அடிக்க, மழைச்சட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நடக்கிறார். பல நேரங்களில் அவரை நிறுத்தியது பெரிய எஞ்சின் கோளாறாக இருக்காது. இறுக்காமல் விட்ட ஒரு சின்ன போல்ட்டாக இருக்கும். இந்த வாரம் அந்த போல்ட்டைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

கியர் மிதி ஆட்டம் காண்பதை நம் கால்தான் முதலில் உணரும். முன்பு 'டக்' என்று விழுந்த கியர், இப்போது இரண்டு முறை மிதித்தால்தான் விழுகிறது. மிதி கொஞ்ச தூரம் சும்மா போய்விட்டுப் பிறகுதான் பிடிக்கிறது. நாமும் 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று காலைப் பழக்கிக்கொள்கிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. சந்திப்பில் பின்னால் லாரி வரும்போது கியர் விழாமல் வண்டி நியூட்ரலில் நின்றால், அப்புறம் பழகிய காலால் பயன் இல்லை.

ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற கப்சாய்களில் அமைப்பு மிக எளிது. எஞ்சினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையைச் சுற்றி மெல்லிய பற்கள். மிதியின் துளைக்குள்ளும் அதே போன்ற பற்கள். துளையின் ஓரத்தில் ஒரு பிளவு இருக்கும். அதன் குறுக்கே போகும் போல்ட்டை இறுக்கினால் பிளவு நெருங்கி, மிதி தண்டைக் கவ்விக்கொள்ளும். அதிர்விலும், குதிகாலால் ஓங்கி மிதிப்பதிலும் போல்ட் தளரும். தளர்ந்த பிறகு ஒவ்வொரு மிதியும் பற்களை அரைத்துத் தள்ளும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். எஞ்சினை அணைத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒருவர் மிதியைக் கையால் மேலும் கீழும் ஆட்ட, இன்னொருவர் தண்டின் முனையைப் பார்க்கட்டும். மிதி அசைந்து தண்டு அசையாமல் இருந்தால், கோளாறு வெளியேதான். இரண்டும் சேர்ந்தே அசைந்தும் கியர் விழவில்லை என்றால், கோளாறு உள்ளே இருக்கிறது; அது போர்மேன் பார்க்க வேண்டிய வேலை.

வெளியே என்றால், போல்ட்டை உடனே இறுக்கிவிட்டு எழுந்துவிடாதீர்கள். மிதி இருக்கும் நிலையைத் தண்டில் ஓர் ஆணியால் கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டை முழுவதுமாகக் கழற்றுங்கள். பல வண்டிகளில் அது தண்டிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். பாதி தளர்த்தி இழுத்தால் மிதி வராது. இரண்டு பக்கப் பற்களையும் பழைய பல்துலக்கியும் மண்ணெண்ணெயும் கொண்டு சுத்தம் செய்து, துடைத்து, குறித்த இடத்திலேயே பொருத்துங்கள். வேலைக்குத் தடித்த பாதுகாப்புக் காலணி போடுபவர்கள், மிதியை ஒரு பல் மேலே ஏற்றிப் பொருத்தினால் கால் தாராளமாக நுழையும். பெரும்பாலும் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். மணிக்கட்டு பலத்தில் இறுக்குங்கள். குழாயை மாட்டி இறுக்கினால் போல்ட் முறியும்.

இறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லையா? பிளவைப் பாருங்கள். அது முழுவதும் மூடிக்கொண்டும் மிதி ஆடினால், மிதியின் பற்கள் தேய்ந்துவிட்டன. புது மிதி வாங்குங்கள். ஒரு குடும்பம் வெளியே பசியாறும் செலவுக்குள் அது முடிந்துவிடும். தண்டின் பற்களும் தேயும் வரை விட்டால், பல கப்சாய்களில் எஞ்சினின் பக்க மூடியைத் திறந்து, கிளட்ச்சையும் கழற்றித்தான் தண்டை மாற்ற வேண்டியிருக்கும்.

'வெல்டிங் வைத்துவிடலாம், ஒரே வேலையாக முடிந்துவிடும்' என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் சீல் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அது கெடலாம். கெட்டால் மிதியைக் கழற்றித்தான் மாற்ற முடியும். ஒட்டிப்போன மிதியை எப்படிக் கழற்றுவது?

மோடனாஸ் பல்சர் என்எஸ்200 போன்ற வண்டிகளில் மிதிக்கும் தண்டுக்கும் இடையே ஓர் இணைப்புக் கம்பி இருக்கும். அதன் இரு முனைகளிலும் உருண்டை மூட்டுகளும் பூட்டு நட்டுகளும் உண்டு. நட்டு தளர்ந்தால் கம்பி தானாகச் சுழன்று நீளம் மாறும். மிதியின் உயரமும் மாறும். இத்தகைய கம்பிகளில் ஒரு முனையின் மரை பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கும். அதனால் நட்டு இறுகுகிறதா தளர்கிறதா என்று பார்த்துத் திருப்புங்கள். மூட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைநீர் இறங்கித் துருப்பிடிக்கும். கிரீஸ் வைத்தும் ஆட்டம் நிற்காத மூட்டை மாற்றிவிடுவதே நல்லது.

வழியிலேயே மிதி கழன்றுவிட்டால்? முதலில் ஓரமாக ஒதுங்குங்கள். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, பூட்டும் இடுக்கியால் தண்டைக் கவ்வித் திருப்பி 2-ஆவது கியரில் விடுங்கள். கைக் கிளட்ச் இல்லாத கப்சாய் 2-ஆவது கியரிலேயே மெதுவாகக் கிளம்பும். பக்கத்துப் பட்டறை வரை போய்ச் சேரலாம். ஆகவே இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்பேனரும் ஓர் இடுக்கியும் இருக்கட்டும்.

சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறோம், டயருக்குக் காற்று பார்க்கிறோம். அந்தப் பட்டியலில் மிதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று ஞாயிறு, வண்டி வாசலில்தான் நிற்கிறது. உங்கள் மிதியைப் பார்த்துவிட்டு, நாளை பாலம் தாண்டும் பக்கத்து வீட்டுத் தம்பியின் மிதியையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.