தோளில் தொங்கும் கணையம்

'அந்தப் பைக்குள்ள அப்படி என்னதான் சார் வெச்சிருக்கீங்க?'

கேட்டவர் எலெக்ட்ரிக் ட்ரெயினில் என் முதுகில் சாய்ந்திருந்தவர். தாம்பரம் - பீச் வண்டி, காலை எட்டே முக்கால். நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். இன்னொரு காலை வைக்க மாம்பலத்தில்தான் இடம் கிடைக்கும். பையை மட்டும் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தேன்.

'கணையம்' என்றேன்.

'ரங்கநாதன் தெருவுல வாங்கினீங்களா? என்ன விலை?' என்றார்.

ஜோக் இல்லை ஸார், நிஜம். என் சொந்தக் கணையம் என்னுடைய 24-வது வயதில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போய்விட்டது. (நோட்டீஸ் பீரியட்கூடத் தரவில்லை.) டைப் 1 சர்க்கரை. அன்றிலிருந்து அதன் வேலையை இந்த ரெக்ஸின் பைதான் பார்க்கிறது.

'இந்த வயசுலயா? ஸ்வீட் நிறைய சாப்பிடுவீங்களோ?' என்று கேட்காதவர்கள் சென்னையில் குறைவு. ஜாங்கிரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய படையே ஆள் தெரியாமல் இன்சுலின் செய்யும் செல்களைச் சுட்டுத் தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான். இதை விளக்கி முடிப்பதற்குள் பார்க் ஸ்டேஷன் வந்துவிடும்.

காலையில் பை கட்டுவது எங்கள் வீட்டில் ராக்கெட் விடுகிற மாதிரி. அம்மா சமையலறையிலிருந்தே கவுன்ட் டௌன் ஆரம்பிப்பாள்.

'பேனா?'

'இருக்கும்மா.'

'ஊசி?'

'இருக்கு.'

'மெஷின், ஸ்ட்ரிப்பு?'

'இருக்கு.'

'குளுக்கோஸு?'

'இருக்கும்மா... இருக்கு!'

பேனா என்றால் எழுதுகிற பேனா இல்லை, இன்சுலின் பேனா. புதிதாக வாங்கிப் பிரிக்காத மருந்து ஃப்ரிஜ்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீஸரில் உறைந்துபோனால் குப்பைதான். பிரித்த பேனாவை வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலானவை நாலு வாரம் தாங்கும். ஆனால் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அந்த 30-ஐச் சென்னை எந்த மாதத்தில் மதித்திருக்கிறது?

ஒரு மே மாதம் பேனாவை பைக் ஸீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, வண்டியை வெயிலில் நிறுத்தினேன். பார்க்க மருந்து அதே மாதிரிதான் இருந்தது. ஆனால் அடுத்த ரெண்டு நாள் எத்தனை யூனிட் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. வெந்த மருந்துக்கு முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. இப்போது பேனா தண்ணீரில் நனைத்த குளிர்ப் பையில் போகிறது. மண்பானைத் தத்துவம். வெளியே ஆவியாக ஆவியாக உள்ளே குளிரும். ஐஸ் கட்டியை நேராக ஒட்டவைத்தால் மருந்து உறைந்துவிடும்.

ஸ்ட்ரிப்புகளுக்கு ஈரம் ஆகாது. டப்பா மூடியே இருக்க வேண்டும். மாம்பழம் தின்ற விரலைக் கழுவாமல் டெஸ்ட் செய்தால் மெஷின் மாம்பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லும். விமானப் பயணமென்றால் இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும், கூடவே டாக்டர் சீட்டு. போட்ட ஊசி? அதற்குக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. ஆபீஸ் குப்பைக் கூடையில் அப்படியே போட்டால் குத்துவது நம்மை இல்லை, பெருக்க வருகிற அம்மாவின் கையை.

இந்தப் பையைச் சுமக்க அலுப்பாக இருக்கும் நாட்களில் ஒரு பையனை நினைத்துக்கொள்வேன். லியோனார்ட் தாம்ப்ஸன், டொராண்டோ, வயது 14. 1922 ஜனவரி 11-ம் தேதி உலகிலேயே முதலில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட நோயாளி. முதல் ஊசி சரிப்படவில்லை. மருந்தைச் சுத்தப்படுத்தி 23-ம் தேதி மறுபடி போட்டார்கள், பிழைத்தான். அதற்கு முன்பு என் வியாதிக்கு மருந்து பட்டினிதான். அவனுக்குக் கிடைத்தது இன்னொரு 13 வருஷம். எனக்குக் கிடைத்திருப்பது ஒரு பை. புகார் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ஆனால் மறைக்கலாம் என்று நினைத்தேன். அதுதான் தப்பு.

ஆபீஸில் ஆறு வருஷம் யாருக்கும் தெரியாது. பிரமோஷன் போய்விடுமோ, பெண் கிடைக்காதோ என்று ஆயிரம் பயம். பாத்ரூமில் போய் ஊசி போட்டுக்கொள்வேன். அன்று மத்தியானமும் அப்படித்தான். போட்டுக்கொண்டு வந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறேன், மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

'ஒரு ரெண்டு நிமிஷம் உள்ளே வாங்க.'

மேனேஜர்களின் ரெண்டு நிமிஷம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். நான் போட்டிருந்தது வேகமாக வேலை செய்கிற இன்சுலின். போட்ட கால் மணியில் சாப்பிட்டாக வேண்டும். அதற்கு மேனேஜரும் தெரியாது, மீட்டிங்கும் தெரியாது. நாற்பதாவது நிமிஷம் கை நடுங்கியது. ஏ.ஸி.யில் சட்டை நனைந்தது. 'டிசம்பர் டார்கெட் என்ன?' என்றார். 'தயிர் சாதம்' என்றேனாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். எனக்கு ஞாபகமில்லை.

தட்டுத்தடுமாறி ஸீட்டுக்கு வந்து பையின் ஸைடு ஜிப்பைத் திறந்தேன். காலி. போன வாரம் குளுக்கோஸைத் தின்றுவிட்டுத் திரும்ப வைக்கவில்லை. காலையில் அம்மாவிடம் சொன்ன 'இருக்கும்மா' சுத்தப் பொய்.

டீ கொண்டுவரும் பெரியவர் அப்போதுதான் உள்ளே வந்தார். முகத்தைப் பார்த்தார். டம்ளரில் தண்ணீர், நாலு ஸ்பூன் சர்க்கரை, கலக்கிக் கையில் கொடுத்தார்.

'குடிங்க தம்பி. எங்க வீட்லயும் இதேதான். ஆறு வருசமா சக்கரை இல்லாத டீ குடுக்கறேனே, எனக்குத் தெரியாதா?'

பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஆபீஸ் மறுபடி ஆபீஸாகத் தெரிந்தது. ஆறு வருஷ ரகசியம் டீக்காரருக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது!

மறுநாள் பக்கத்து ஸீட்காரரைக் கூப்பிட்டு ஸைடு ஜிப்பைக் காட்டினேன். 'வேர்த்து உளறினால் 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிஷம் கழித்து டெஸ்ட். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி 15. சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பால் மெதுவாகத்தான் ஏறும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-க்கு போன் பண்ணுங்கள்.'

கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சந்தேகமாக, 'உளறினா சரி... நீங்க சாதாரணமா பேசறதுக்கும் அதுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கறது?' என்றார்.

பிரமோஷன் போகவில்லை. மேனேஜர் இப்போது ஒரு மணியானால் அவரே, 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் மீட்டிங் ஆரம்பிக்கிறார்.

உங்கள் பையிலும் இன்ஹேலரோ, வலிப்பு மாத்திரையோ, ஏதோ ஒன்று இருக்கலாம். ராத்திரியே சரிபாருங்கள். எந்த ஜிப்பில் இருக்கிறது என்று ஆபீஸில் ஒரு ஆளுக்காவது சொல்லிவையுங்கள்.

அம்மாவின் கவுன்ட் டௌன் தொடர்கிறது. ஒரு மாற்றம்: 'குளுக்கோஸு?' என்றால், 'இருக்கும்மா' செல்லாது. எடுத்துக் காட்ட வேண்டும்.