கண்ணாடி அறைக்கு வெளியே

போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு வடக்கே ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். திரும்பும்போது விமானம் மூன்று மணி நேரம் தாமதம். போர்டிங் கேட் பக்கம் நிற்கவே இடமில்லாத கூட்டம். அதிலும் ஒரு மூலையில் மட்டும் ஒரு வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி. கிடைத்ததே போதும் என்று அங்கே உட்காரவைத்தேன். அந்த வரிசையில் ஏன் யாரும் உட்காரவில்லை என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பின்னால் பத்தடி தள்ளிப் புகைபிடிக்கும் அறை இருந்தது.

நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர். உள்ளே இருபது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். செக்யூரிட்டி செக்கில் தீப்பெட்டியையும் லைட்டரையும் வாங்கிவைத்துவிடுவதால், சுவரில் பதித்திருந்த மின்சார லைட்டரின் முன்னால் ஒரு சின்ன வரிசை. ஒருவர் வெளியே வர, இன்னொருவர் உள்ளே போக, கதவு முழுசாக மூடிய நேரம் ரொம்பக் குறைவு. திறக்கும்போதெல்லாம் புகை வெளியே வந்து எங்கள் தலைக்கு மேலே நின்றது. அம்மாவுக்கு இருபது வருஷமாக ஆஸ்துமா.

“இந்த இடம் வேண்டாம்டி, நெஞ்சை அடைக்குது” என்றாள். இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை இழுத்தாள்.

அப்போதுதான் அந்த அறையைச் சுத்தம் செய்யும் தொழிலாளி வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் துடைப்பம், முகத்தில் துணி மாஸ்க். அம்மா இருமுவதைப் பார்த்துவிட்டு, “மாஜியை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள், இங்கே உட்கார வேண்டாம்” என்று ஹிந்தியில் சொன்னார். சொல்லிவிட்டு அறைக் கதவின் முன்னால் போய் நின்றார். கிணற்றில் முங்கப் போகிறவன் போல மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு உள்ளே போனார். சாம்பல் தொட்டிகளைக் கொட்டி, தரையைக் கூட்டி, வெளியே வர நாலைந்து நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரம் யாராலும் மூச்சைப் பிடித்து வைத்திருக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விசாரித்தேன். அரைமணிக்கு ஒரு தடவை உள்ளே போக வேண்டுமாம். “நீங்கள் சிகரெட் பிடிப்பீர்களா?” என்று கேட்டேன். வாழ்க்கையில் தொட்டதில்லை என்றார்.

மைசூரு வந்து சேர்ந்த பிறகும் அவர் கதவின் முன்னால் மூச்சை இழுத்து நின்றது மனசை விட்டுப் போகவில்லை. அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துப் படித்தேன்.

சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003ல் வந்தது. அதன் 4ஆவது பிரிவு பொது இடத்தில் யாரும் புகைபிடிக்கக் கூடாது என்கிறது. அதே பிரிவு விலக்கும் தருகிறது: 30 அறைகள் உள்ள ஹோட்டல், 30 பேர் உட்காரக்கூடிய உணவகம், விமான நிலையம். இங்கெல்லாம் புகைபிடிக்கத் தனி இடம் ஒதுக்கலாம். அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது 2008 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி அன்று அமலுக்கு வந்த விதிகள், அந்தத் தனி இடம் எப்படி இருக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கின்றன. நாலு பக்கமும் கூரை வரை சுவர் வேண்டும். தானாக மூடிக்கொள்ளும் கதவு வேண்டும், அது மூடியே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று நேராகக் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும், மற்ற பகுதிகளின் காற்றோடு கலக்கவே கூடாது. அறைக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், கதவு திறக்கும்போது வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர உள்ளே இருக்கும் புகை வெளியே வராது.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிமிஷத்துக்கு நாலு தடவை திறக்கும் கதவு எப்போது மூடியிருக்கும்? வெளியே வரும் ஒவ்வொருவரும் சட்டையிலும் தலைமுடியிலும் மூச்சிலும் புகையைக் கூடவே கொண்டுவருகிறார்கள். எந்த மின்விசிறியும் அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளாது.

அமெரிக்காவின் சி.டி.சி. என்ற நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதை அளந்தே பார்த்திருக்கிறது. அந்த நாட்டின் ஒன்பது பெரிய விமான நிலையங்களில் எடுத்த அளவுகளை 2012ல் வெளியிட்டார்கள். ஐந்தில் புகை அறை உண்டு, நாலில் கிடையாது. அறைக்குள் இருந்த நுண்துகள், புகையே இல்லாத விமான நிலையங்களில் இருப்பதைப் போல 23 மடங்கு. அது உள்ளே போகிறவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொள்வது. அறைக்கு வெளியே, ஒட்டினாற்போல இருக்கும் இடத்தில் 5 மடங்கு. அம்மா உட்கார்ந்திருந்தது அப்படிப்பட்ட இடத்தில்தான். அடுத்தவர் விடும் புகையில் இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்று அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை 2006லேயே சொல்லிவிட்டது. உலகத்தின் மிகப் பரபரப்பான விமான நிலையங்களில் ஒன்றான அட்லாண்டா, 2020 ஜனவரியில் தன் புகை அறைகளை மூடியது.

2017ல் நம் விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. புகை அறைக்குள் எந்தச் சேவையும் தரக் கூடாது. டீ, காபி, சாப்பாடு எதையும் உள்ளே பரிமாறக் கூடாது. நல்ல விதி. அதனால் பரிமாறுகிறவர் தப்பித்தார். கூட்டிப் பெருக்குகிறவர் தப்பவில்லை. அவர் போகாமல் அந்த அறை ஒரு நாள்கூட ஓடாது. பயணி இடம் மாறி உட்காரலாம், நாங்கள் மாறினோம். அவருக்கு மாற இடம் ஏது?

விமானத்துக்குள்ளேயே சிகரெட் பிடித்த காலம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பின் வரிசைகள் புகைப்பவர்களுக்கு, முன் வரிசைகள் மற்றவர்களுக்கு. நடுவில் ஒரு திரைச்சீலைகூட இருக்காது. அது எப்படி நின்றது என்று பார்த்தால் அங்கேயும் வேலை செய்தவர்கள்தான் வருகிறார்கள். நோர்மா ப்ரோயின் என்ற அமெரிக்க விமானப் பணிப்பெண் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. முப்பது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்திலேயே அவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. வேலைநாள் முழுக்க அடுத்தவர் புகையைச் சுவாசித்ததுதான் காரணம் என்று சொல்லி, தன்னைப் போன்ற புகைக்காத பணிப்பெண்கள், பணியாளர்கள் எல்லோருக்குமாக 1991ல் சிகரெட் கம்பெனிகள் மேல் வழக்குத் தொடுத்தார். 1997ல் கம்பெனிகள் சமரசத்துக்கு வந்து, புகையால் வரும் நோய்களை ஆராய ஓர் அமைப்பை ஏற்படுத்த 30 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. இதற்கிடையே சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 1996 ஜூலைக்குள் எல்லாச் சர்வதேச விமானங்களிலும் புகையை நிறுத்துங்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. இன்று விமானத்தில் யாரும் புகைப்பதில்லை. பணிப்பெண்ணுக்குக் கிடைத்த நியாயம் தரையில் வேலை செய்கிற துப்புரவுத் தொழிலாளிக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

செக்யூரிட்டி தாண்டிவிட்டால் வெளியே போக முடியாது, மணிக்கணக்கில் காத்திருப்பவர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிகோடின் பழக்கம் ஒரு நோய். அது படுத்தும் பாட்டை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சுலபமாகப் பேசிவிடக் கூடாது. ஆனால் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே 2021ல் நேரடி விமானம் ஓடத் தொடங்கியபோது பயணம் சுமார் 16, 17 மணி நேரம். அவ்வளவு நேரம் ஒருவரும் பற்றவைக்காமல்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஆகாயத்தில் முடிந்தது தரையிலும் முடியும். தாங்க முடியாதவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் இருக்கிறது, மருந்துக்கடையில் கிடைக்கிறது.

புகையிலையை எட்ட நின்று திட்டுகிற ஊர் இல்லை எங்களுடையது. மைசூரிலிருந்து மடிக்கேரி போகும் சாலையில் ஹுணசூரும் பிரியாபட்டணாவும் வரும். சாலை நெடுக சிகரெட் புகையிலை விளையும் பூமி அது. இலையைப் பதப்படுத்தும் சூளைக் கொட்டகைகளைப் பஸ் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். புகையிலை வாரியத்தின் ஏல மையங்கள் அங்கே இருக்கின்றன. மழை தப்பினாலோ ஏலத்தில் விலை சரிந்தாலோ அந்த விவசாயி வீட்டில் அடுப்பு எரியாது. ஊருக்குள்ளே பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். இவர்கள் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை, புகைப்பவர்கள் மேலும் இல்லை. அன்றைக்கு அறையிலிருந்து வெளியே வந்த ஒரு பையன் எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தான். அம்மா இருமியதும் அவனாகவே எழுந்து, “சாரி ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான். அவனிடம் குற்றம் ஒன்றும் இல்லை. ஜனங்கள் உட்காரும் இடத்தின் நடுவில் அறையைக் கட்டிவைத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் எதிர் வீட்டு மாமா ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். நாற்பது வருஷம் சிகரெட் பிடித்தார். வீட்டுக்குள் ஒரு நாளும் பற்றவைத்ததில்லை, தெருமுனைக்குத்தான் போவார். பேத்தி பிறந்த பிறகு தெருமுனையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கை கால் முகம் கழுவி, வாய் கொப்பளித்து, பத்து நிமிஷம் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் குழந்தையைத் தூக்குவார். “எதுக்கு மாமா இவ்வளவு?” என்று ஒரு நாள் கேட்டேன். “சின்னது, அதுக்கு வேணாம்னு சொல்லத் தெரியாதேம்மா” என்றார். எந்தச் சட்டத்திலும் இதைவிடத் தெளிவாக எழுதி நான் பார்க்கவில்லை.

கர்நாடகத்தில் சட்டம் இப்போது கடுமையாகியிருக்கிறது. 2025 மே மாதக் கடைசியில் அமலுக்கு வந்த மாநிலத் திருத்தத்தின்படி, பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 200 ரூபாய் இல்லை, 1000 ரூபாய். புகையிலைப் பொருள் வாங்க வயது 18 இல்லை, 21. ஹூக்கா பார்களுக்குத் தடை. வரவேற்கிறேன். ஆனால் விமான நிலையத்துக்குக் கொடுத்த விலக்கு இதிலும் அப்படியே இருக்கிறது. நாட்டின் பெரியவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம் என்று 2016-17ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. நூற்றில் மற்ற 89 பேருக்காகவும், கூட்டிப் பெருக்குகிறவருக்காகவும் 4ஆவது பிரிவில் இருந்து விமான நிலையங்கள் என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். புகைக்க இடம் வேண்டுமென்றால் கட்டடத்துக்கு வெளியே, வாசலை விட்டு எட்டத் திறந்தவெளியில் இருக்கட்டும். நஞ்சன்கூடு சாலையில் எங்கள் மண்டகள்ளி விமான நிலையத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், கட்டடத்தைச் சுற்றித் திறந்தவெளிக்குக் குறைவே இல்லை. பெரிய நிலையங்களிலும் மனசு வைத்தால் செய்யலாம்.

அதுவரை நம்மால் ஆனதும் உண்டு. புகைத்தடைப் பலகையில், புகார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பொறுப்பாளரின் பெயர் இருக்க வேண்டும் என்பது 2008 விதி. புகாரைக் கேட்டும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால் அபராதம் அவருக்கும் உண்டு. அன்றைக்கு நான் பார்த்த பலகையில் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. உதவி மையத்தில் கேட்டதற்கு, “எக்ஸாஸ்ட் ஓடுகிறது மேடம்” என்ற பதில்தான் கிடைத்தது. நான் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். நீங்களும் கொடுங்கள். ஒரு கடிதத்தை ஒதுக்கிவைப்பார்கள், நூறு கடிதம் வந்தால் முடியாது.

புகைக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அறையிலிருந்து வந்ததும் குழந்தை பக்கத்திலோ வயதானவர் பக்கத்திலோ உடனே உட்கார்ந்துவிடாதீர்கள். பத்து நிமிஷம் தள்ளி நில்லுங்கள், வாய் கொப்பளித்துவிட்டு வாருங்கள். சிகரெட் துண்டைத் தரையில் போடாமல் தொட்டியிலேயே போடுங்கள். உள்ளே வந்து கூட்டுகிறவருக்கு ஒரு நிமிஷமாவது மிச்சமாகும்.

எதிர் வீட்டு மாமா சிகரெட்டை விட்டு எட்டு மாதம் ஆகிறது. மத்திய அரசின் இலவச உதவி எண்ணுக்குப் போன் செய்து, அவர்கள் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அந்த எண் 1800-11-2356.